எட்டால் பெருக்க மறந்த வெள்ளிக்கிழமை

போன கிழமை, பக்கத்து வீட்டு அன்ரன் என் கேற்றை உடைக்காத குறையாகத் தட்டினார்.

“அண்ணன், வந்து பாருங்க! நூறு தாறம் எண்டு சொல்லித்தான் புது பைபர் லைன் பூட்டினவங்க. இப்ப பன்னிரண்டுதான் வருது. பச்சைக் களவு!”

போய்ப் பார்த்தேன். அவர் மகளின் லப்டொப்பில் ஏதோ படம் இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் செக்கனுக்குப் பன்னிரண்டு மெகா பைட் சொச்சம். அன்ரன் ஏற்கனவே கம்பனிக்குப் போன் போட்டு, மறுமுனையில் இருந்த பெண் பிள்ளையை அழவைக்கும் கட்டத்துக்கு வந்திருந்தார்.

“முதல்ல போனை வைங்க அன்ரன். லைன்காரன் சொன்ன நூறு, மெகா பிட். கொம்பியூட்டர் காட்டுற பன்னிரண்டு, மெகா பைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நூறை எட்டால பிரிச்சுப் பாருங்க.”

அன்ரன் விரலை மடக்கிப் பார்த்தார். பன்னிரண்டரை. முகம் சுருங்கிவிட்டது. சண்டை போட வசதியாக ஒரு காரணம் கிடைத்து, அது இப்படிக் கையை விட்டுப் போனால் யாருக்குத்தான் பிடிக்கும்?

“எக்ஸ்சேஞ்சில வேலை செஞ்ச ஆள் எண்டா சும்மாவா!” என்றார் கடைசியில்.

நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பாராட்டு எனக்குரியது இல்லை. ஏனென்றால்... இந்த எட்டை நான் எக்ஸ்சேஞ்சில் படிக்கவில்லை. முப்பது வருஷம் டெலிபோன் லைன்களோடு மாரடித்தும் படிக்கவில்லை. ஒரு பெண்ணின் காணி கையை விட்டுப் போகப் பார்த்த ஒரு பிற்பகலில், என்னை விட முப்பது வயது குறைந்த ஒரு பிள்ளையிடம் படித்தேன். அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

போர் முடிந்து இரண்டாவது வருஷம். நான் ஓய்வுபெற்று சிலாபத்தில் சும்மா இருந்த நேரம். புத்தளத்துக்கு அங்கால் கரைத்தீவில் எனக்கொரு பழைய நண்பர். ஊரில் எல்லோருக்கும் ஹாஜியார், எனக்கும் ஹாஜியார்தான். அவரிடம் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. போட்டோகொப்பி, ஈமெயில், வெளிநாட்டுக் கோல், எல்லாம் அங்கேதான். கைப்பேசி சிக்னல் அந்தப் பக்கம் வந்தும் வராமலும் இருந்த காலம்.

“லைன்ல கிர்ர் எண்டு சத்தம் வருது, வந்து பாருங்க சேர்” என்று கூப்பிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

அந்த லைனை அங்கே இழுத்ததே நான்தான். ஒரு சோடிக் கம்பியில் இரண்டு பாதை ஓடும் பழைய முறை. ஒவ்வொரு பாதையும் செக்கனுக்கு அறுபத்து நாலாயிரம் பிட். ஏன் அறுபத்து நாலு? ஒரு மனுஷக் குரலைக் கம்பியில் தெளிவாக அனுப்ப அவ்வளவு தேவை என்று எப்போதோ முடிவு பண்ணிவிட்டார்கள். எங்கள் உலகத்தில் எல்லாமே இந்தக் குரல் கணக்குத்தான். ஹாஜியார் கடையில் ஒரு பாதை கொம்பியூட்டருக்கு, மற்றது ஆட்கள் நின்று கதைக்கும் போன் கூட்டுக்கு.

நான் போய் இறங்கும்போது பதினொன்றரை. ஹாஜியார் புத்தளம் போயிருந்தார். கடையில் சபீனா மட்டும் இருந்தாள். இருபத்து மூன்று, நாலு வயதுப் பிள்ளை. கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று முடித்துவிட்டு அங்கே வேலைக்கு நின்றாள். நான் கருவிப் பையை வைக்கவும் ஹமீதா ராத்தா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

எல்லோருக்கும் அக்கா முறையான இந்த ராத்தாவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். மன்னார்ப் பக்கத்து ஆள். தொண்ணூறில் முஸ்லிம் ஆட்களை ஊரை விட்டு வெளியேற்றியபோது வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கி, பிறகு கரைத்தீவில் ஒரு ஓலைக் கொட்டிலில் தொடங்கியவர். கணவர் இங்கே வந்துதான் மவுத்தானார், அடக்கமும் இங்கேதான். உடுப்புத் தைத்து இரண்டு பெண் பிள்ளைகளைக் கரையேற்றியவர். வரும்போது வாப்பாவின் காணி உறுதிப் பத்திரங்களைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாராம். அந்தத் தலையணையில் யாரையும் தலைவைக்க விட்டதில்லை என்று சொல்வார்கள்.

அன்றைக்கு அந்த உறுதிகள் ஒரு பென் டிரைவில் இருந்தன. இருபது பக்கம். முதல் நாள் பின்னேரம் புத்தளத்தில் ஸ்கேன் பண்ணியிருந்தார்; அங்கேயே அனுப்ப நேரமிருக்கவில்லை.

“சேர், இது இண்டைக்கு நாலு மணிக்குள்ள எங்கட ஊர்க் காணி ஒபிஸுக்குப் போய்ச் சேரோணும்” என்றார். “ஒபிஸ் கடிதம் புதன்கிழமைதான் கைக்கு வந்திச்சு. நேர கொண்டுபோவம் எண்டா மன்னாருக்குப் போற காட்டு றோட்டுல வெள்ளம், பஸ் ஓடல்ல. அங்க கிளார்க்கோட கதைச்சன். ‘நாலு மணிக்குப் பட்டியலை மூடுறம், அதுக்குப் பிறகு எங்கட கையில ஒண்டும் இல்ல’ எண்டு சொல்லிட்டாங்க. காணியில இப்ப வேற ஆக்கள் அளவு வேலை தொடங்கிட்டாங்களாம், சேர்.”

விஷயம் விளங்கியது. பட்டியலில் பெயர் வராவிட்டால் அந்தக் காணிக்கு உரிமை கேட்க ஆளில்லை என்றாகிவிடும்.

சபீனா பென் டிரைவைப் போட்டுப் பார்த்தாள். “நாப்பது மெகா இருக்கு. ஒரே மெயில்ல ஏறாது. அஞ்சாப் பிரிச்சுப் போடணும். படத்தைச் சின்னதாக்கலாமா ராத்தா?”

“வேணாம் மகள். முத்திரையும் கைநாட்டும் நிறமாத் தெளிவா இருக்கோணுமாம்.”

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். யாராவது கேட்டார்களா? இல்லை. நாற்பது மெகா... லைன் அறுபத்து நாலு கிலோ... நாற்பதாயிரத்தை அறுபத்து நாலால் பிரித்தால் அறுநூற்று இருபத்தைந்து செக்கன். மனக்கணக்கில் நான் புலி.

“பத்து நிமிஷ வேலை” என்றேன்.

ராத்தாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மணி பதினொன்றே முக்கால். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்த வீதியில் ஒரு கடை திறந்திருக்காது. ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்குத்தான் கதவு திறக்கும். சபீனா கேட்டாள்: “இப்பவே போட்டுட்டுப் பூட்டுவமா சேர்? நாங்க வரக்குள்ள போயிருக்கும்.”

இதை விட நல்ல யோசனை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஆளில்லாத கடையில லைனைத் திறந்து விடக் கூடாது பிள்ளை. லைன்ல சத்தம் வேற இருக்கு. பத்து நிமிஷ வேலைக்கு ஏன் அவசரம்? எல்லாரும் ஆறுதலா தொழுது, சாப்பிட்டு வாங்க.”

நான் வேதக்காரன், ஞாயிறு கோயிலுக்குப் போகிறவன். அவர்களுடைய வெள்ளிக்கிழமைக்கு இடம் கொடுக்கிறேன் என்று ஒரு பெருந்தன்மை வேறு! அந்தப் பெருந்தன்மையில் இரண்டு மணித்தியாலம் போனது. ஹாஜியார் வீட்டில் இருந்து வந்த மீன் ஆணத்தையும் சோற்றையும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்குக் கடை திறந்தது. இரண்டு ஐந்துக்கு சபீனா ஐந்து மெயிலையும் வரிசையில் விட்டாள். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. ஒரு மெயிலுக்கு இரண்டு நிமிஷம் என்பது என் கணக்கு.

இரண்டு நிமிஷம் போனது. கோடு அசைந்ததாகவே தெரியவில்லை. ஐந்து நிமிஷம். கால்வாசி கூட இல்லை. பத்து நிமிஷம். பாதியைத் தொடவில்லை. அதுவும் முதலாவது மெயில்!

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். நான் கோட்டைப் பார்த்தேன்.

லைன்காரனுக்கு எது நடந்தாலும் லைனில்தான் சந்தேகம். சத்தம் என்றுதானே என்னைக் கூப்பிட்டதும்? “வெளிய கம்பி மூட்டுல துரு பிடிச்சிருக்கு. அதுதான் இழுக்குது” என்று எழும்பினேன். இணைப்பைக் கழற்றக் கை வைத்தேன்.

“வெட்டாதீங்க சேர்! மெதுவா எண்டாலும் போகுதுதானே!” சபீனா கத்தியேவிட்டாள்.

வெட்டினேன். பாதியை நெருங்கியிருந்த கோடு ஒரே நொடியில் அழிந்தது. மீண்டும் பூச்சியத்திலிருந்து.

வெளியே தூணில் ஏறி, பெட்டியைத் திறந்து, கொஞ்சம் துருவைச் சுரண்டி, கம்பியை முறுக்கி, இறங்கி வந்தேன். கை முழுக்கத் துரு, நெஞ்சு முழுக்கப் பெருமை. மணி இரண்டு முப்பத்தைந்து. “இப்ப பாருங்க, பறக்கும்” என்று மறுபடி விடச் சொன்னேன்.

கோடு முன்னர் நகர்ந்த அதே வேகத்தில் நகர்ந்தது. கிர்ர் சத்தம் மட்டும்தான் போயிருந்தது.

ராத்தாவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. நான் தூணில் நின்ற நேரத்தில் சபீனா ஒரு பழைய பில் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டிருந்தாள். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை என் பக்கம் தள்ளினாள்.

“லைன்ல பிழை இல்ல சேர். கணக்குலதான் பிழை.”

“என்ன கணக்கு? நான் லைன் இழுக்கக்குள்ள நீ பிறக்கவே இல்ல.” இப்படியெல்லாம் சொல்லக் கூடியவன்தான் நான். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்க சொன்ன அறுபத்து நாலு, பிட். இந்த நாப்பது மெகா, பைட். நாப்பதை முதல்ல எட்டால பெருக்கணும் சேர். முந்நூத்தி இருபது. அதை அறுபத்து நாலால பிரிச்சா அஞ்சாயிரம் செக்கன், எம்பத்து மூணு நிமிஷம்.”

நான் தாளைப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் நாங்கள் பைட் என்ற சொல்லைத் தேநீர் நேரத்தில் கூடச் சொன்னதில்லை. எங்களுக்கு லைன்தான் உலகம். அதில் போகிற சரக்கு என்ன அளவு என்று நாங்கள் ஏன் பார்க்க வேண்டும்?

“இன்னொண்டும் இருக்கு” என்றாள். “மெயில்ல படம் அப்படியே போகாது. எழுத்தா மாத்தித்தான் அனுப்பும். மூணு பங்கு நாலு பங்கா ஊதும். அதையும் சேர்த்தா நூத்திப் பதினொரு நிமிஷம்.”

நூற்றுப் பதினொன்று! இரண்டு முப்பத்தைந்துக்குத் தொடங்கினோம். முடியும்போது... நாலு இருபத்தாறு.

ராத்தாவுக்குப் பிட்டும் விளங்கவில்லை, பைட்டும் விளங்கவில்லை. நாலு இருபத்தாறு மட்டும் விளங்கியது. எழும்பி நின்றார். “சேர்... பத்து நிமிஷம் எண்டீங்களே?” கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தை கேட்பதைப் போலக் கேட்டார்.

பன்னிரண்டு மணிக்கே அந்தப் பிள்ளை சொன்னபடி விட்டிருந்தால் நாங்கள் வந்து கதவைத் திறக்கும்போது வேலை முடிந்திருக்கும். அதை நான் அங்கேயே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. சொன்னது இது: “இரண்டு பாதையையும் சேர்த்துக் கட்டினா வேகம் இரட்டிப்பு. அதை நான் செய்வன்.”

அது உண்மைதான். போன் கூட்டின் பாதையையும் கொம்பியூட்டருக்கே கொடுத்தால் நூற்றுப் பதினொன்று ஐம்பத்தைந்தாகும். ஆனால் அதற்கு இணைப்பை இன்னொரு தடவை வெட்ட வேண்டும். பத்து நிமிஷம் நகர்ந்த கோடு மறுபடி அழியும். ராத்தாவைப் பார்த்தேன். “செய்யுங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வெட்டினேன். செட்டிங் மாற்றினேன். அவசரத்தில் இரண்டு தரம் பிழையாக அடித்தேன். இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஐந்து மெயிலும் மறுபடி புறப்பட்டன. கோடு இப்போது கண்ணுக்குத் தெரிந்து நகர்ந்தது. மூன்று ஐம்பதுக்கு முடியும். பத்து நிமிஷம் கையிருப்பு.

அப்பாடா என்று திரும்பினால் — வாசல் வாங்கில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. வளைகுடாவில் ஜும்ஆ முடிந்து ஓய்வாக இருக்கும் நேரம். அங்கே வேலைக்குப் போனவர்கள் ஹாஜியார் கடைக்குக் கோல் எடுப்பார்கள். இங்கே வீட்டார் வந்து காத்திருப்பார்கள். கிழமைக்கு ஒரு தடவை கேட்கிற குரல். இரண்டு பெண்கள், ஒரு ஆண். ஆண் நசீர், உப்பளத்தில் வேலை. மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண்.

போன் அடித்தால் ஒரு பாதை தானாகப் பிரிந்து குரலுக்குப் போய்விடும். அப்படித்தான் நானே செய்து வைத்திருந்தேன். ஒரு நிமிஷம் கதைத்தால் மெயிலுக்கு அரை நிமிஷம் நஷ்டம். கையிருப்போ பத்து நிமிஷம். அப்படியென்றால் இந்த மூன்று பேருக்கும் சேர்த்து இருபது நிமிஷக் குரல்தான் இருக்கிறது. அதற்கு மேல் போனால் காணி போய்விடும்.

“போனைக் கழற்றி வைப்பம்” என்றேன் மெல்ல.

“அது சரியில்ல சேர்” என்று சபீனா தயங்கினாள்.

ராத்தா அதைக் கேட்டுவிட்டார். “வேணாம். அதுகள் ஒரு கிழமையா பார்த்துக்கொண்டிருக்குதுகள். என்ட காணிக்காக அதுகளிட வாயை அடைக்க ஏலாது. நான் கேட்டுப் பார்க்கிறன்.” போய் வாங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஆளுக்கு ஆறு நிமிஷம் என்று பேச்சாயிற்று. மூவரும் தலையாட்டினார்கள்.

“எனக்கு ஒரு நிமிஷம் போதும் ராத்தா” என்றார் நசீர். “உசிரோட இருக்கன் எண்டு சொன்னாச் சரி.”

நல்ல மனுஷன். ஆனால் அந்த நல்ல மனசு எங்களை என்ன பாடுபடுத்தப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மூன்று ஐந்துக்கு முதல் கோல். முதல் பெண்ணுக்கு. சபீனா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு நிமிஷம். பரவாயில்லை. இரண்டாவது மெயில் போய்க்கொண்டிருந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு மறுபடி அடித்தது. நசீருக்கு. “நான் நல்லம். புள்ளைகள் நல்லம். நீ நல்லமா? சரி, வெய்” என்று சொல்லி வைத்துவிட்டார். சொன்ன சொல் தவறாமல் ஒரே நிமிஷம். ராத்தா கையெடுத்துக் கும்பிடாத குறை.

இரண்டு நிமிஷம் கழித்துப் போன் மறுபடி அலறியது. மறுபடி குவைத்.

யோசித்துப் பாருங்கள். கிழமைக்குப் பதினைந்து நிமிஷம் கதைக்கிற மனுஷன் இன்றைக்கு மூச்சு விடாமல் நாலு சொல் சொல்லிவிட்டு வைக்கிறான். அங்கே இருக்கிறவள் என்ன நினைப்பாள்? பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறான் என்றுதானே?

“ஒண்டுமில்லடி... இங்க ஒரு காணிப் பத்திரம் போகுது... எங்கட இல்ல, வேற ஆக்கள்ட... நீ ஏன் அழுற?” நசீர் திணறினார். மூன்று நிமிஷம் போனது. வைத்தார். நான் திரையைப் பார்த்தேன். மூன்றாவது மெயில் இப்போதுதான் முக்கால்.

மூன்று முப்பத்து நாலு. மூன்றாவது தடவையாகப் போன். இந்த முறை அழுகுரல் கூட்டுக்கு வெளியிலும் கேட்டது. “புள்ளைகள்ட குரலைக் காட்டுங்க” என்று கத்துகிறாள். பிள்ளைகள் வீட்டில். வீடு உப்பளத்துக்கு அந்தப் பக்கம். நசீர் என்ன செய்வார்? வைத்தாலும் பிழை, வைக்காவிட்டாலும் பிழை. ஒரு நிமிஷம்... இரண்டு... நாலு...

ஏற்கனவே பதினொரு நிமிஷக் குரல் போய்விட்டது. இப்போது பதினைந்து. எனக்குக் கண்ணில் நாலு மணி மட்டும்தான் தெரிந்தது. எழும்பிப் போனேன். சுவரில் போன் வயர் செருகியிருந்த இடத்தில் கையை வைத்துவிட்டேன். இழுத்திருப்பேன். சத்தியமாக இழுத்திருப்பேன்.

ஹமீதா ராத்தா என் கையைப் பார்த்தார். கூட்டுக்குள் போய் நசீரிடமிருந்து ரிசீவரை வாங்கினார்.

“மகள், நான் ஹமீதா ராத்தா கதைக்கிறன். தையல்கார ராத்தா. உன்ட மூத்தவளுக்குப் பள்ளிச் சட்டை நான்தான் தைக்கிறன். இண்டைக்குக் காலையில அளவு எடுக்க வந்தாள். ரெண்டு அங்குலம் வளந்திருக்காள். வல்லாஹி, ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல. இவர் அவசரமா வெச்சது என்னாலதான், புள்ள. எனக்காகத்தான்.”

மறுமுனை அடங்கியது. பிறகு ராத்தா இன்னும் ஏதேதோ கேட்டார். அங்கே சாப்பாடு தருகிறார்களா, கால் வீக்கம் வற்றியதா... தன்னுடைய காணி நிமிஷம் நிமிஷமாகக் கரைந்துகொண்டிருக்க, அந்தப் பெண்ணின் கால் வீக்கத்தை விசாரித்துவிட்டுத்தான் வைத்தார். மூன்று நாற்பத்தொன்று.

சபீனா தாளில் கூட்டினாள். ஏழு, ஒன்று, மூன்று, ஏழு. பதினெட்டு. அதில் பாதி, ஒன்பது நிமிஷம் நஷ்டம். “முடியக்குள்ள மூணு ஐம்பத்தொம்பது” என்றாள்.

இன்னொரு கோல் மூன்று நிமிஷம் வந்தாலே போதும், எல்லாம் முடிந்துவிடும். வாங்கில் மூன்றாமவர் இன்னும் இருந்தார். கட்டாரில் இருக்கும் மகனின் கோலுக்குக் காத்திருக்கும் தாய். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு பேரும் அது அடிக்கக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடிக்கவில்லை.

நாலாவது மெயில் போனது. ஐந்தாவது பாதி... முக்கால்... ஐம்பத்தேழு... ஐம்பத்தெட்டு... கோடு கடைசியில் ஒரு நூலளவு மிச்சம் வைத்து நின்றது. நிற்கிறதா, நகர்கிறதா? பிறகு கோடு மறைந்தது. வரிசை வெறுமையாக இருந்தது.

ராத்தாவின் விரல் போன் இலக்கங்களில் வழுக்கியது. சபீனாதான் அழுத்திக் கொடுத்தாள். மறுமுனையில் கிளார்க். “பொறுங்க... நாலு வந்திருக்கு...” விசைகள் தட்டும் சத்தம். “பொறுங்க...” “ஓம், அஞ்சாவதும் வந்திட்டு. மூன்று ஐம்பத்தொன்பது எண்டு விழுந்திருக்கு. பேரை எழுதிட்டன் அம்மா.”

ஹமீதா ராத்தா தரையில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். நசீர் வெளியே போய் முகம் கழுவினார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும், இல்லையா? முடியவில்லை.

அந்தத் தாய் நாலு மணிக்கு எழும்பினார். “இண்டைக்கு அவன் எடுக்கவே இல்ல” என்றார். நசீரின் மனைவி மூன்று தடவை எடுத்த நேரத்தில் அவன் முயன்றிருப்பானோ? லைன் எங்கேஜ் என்ற சத்தம்தான் கேட்டிருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கும்போது ஹாஜியார் எதிரில் வந்தார். வாசலில் நின்று அவரிடம் ஏதோ சொன்னது தெரிந்தது.

அதற்கிடையில் ராத்தா எழும்பி என் இரண்டு கையையும் பிடித்தார். “சேர் இல்லாட்டி இண்டைக்கு என்ட காணி போயிருக்கும். அல்லாஹ்தான் உங்களை அனுப்பினான்.” பிறகு சபீனாவிடம் திரும்பினார். “பார்த்தியா மகள், அனுபவம் எண்டா இதுதான்.”

“ஓம் ராத்தா” என்றாள் சபீனா. ராத்தா பிள்ளைகளுக்குச் சொல்ல வீட்டுக்கு ஓடினார்.

ஹாஜியார் உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாக சபீனாவைப் பிடித்துக்கொண்டார். “யாரைக் கேட்டு ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம் எண்டு போனை மட்டுப்படுத்தின? மகன்ட கோல் வராம அந்த உம்மா அழுதுகொண்டு போறா. அதுகள நம்பித்தானே இந்தக் கடையை வெச்சிருக்கன்? ஈமெயில் போட நேரத்தோட தொடங்கத் தெரியாதா உனக்கு?”

சபீனா என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வையில்லை. சும்மா பார்த்தாள். இப்போது நான் பேச வேண்டும் என்பது அங்கே எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

பேசினேன். “லைன்ல கொஞ்சம் பிழை இருந்திச்சு ஹாஜியார். இப்ப சரி பண்ணிட்டன்” என்றேன்.

லைனில் பிழை! முப்பது வருஷம் சோறு போட்ட லைனின் மேலேயே பழியைப் போட்டேன். அது என்னைக் காப்பாற்றியது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. “பிழை எண்டா எனக்கொரு கோல் போட்டுச் சொல்ல வேணாமா?” என்று ஹாஜியார் அவளைத்தான் மறுபடி ஏசினார். சபீனா மேசையில் கிடந்த அந்தக் கணக்குத் தாளை எடுத்து, நாலாக மடித்து, குப்பைக் கூடையில் போட்டாள். நான் பிளேன்டீ குடித்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் ஏறினேன்.

ஹமீதா ராத்தாவின் பெயர் பட்டியலில் வந்தது. வாப்பாவின் காணியில் வீடு கட்டி, இன்றைக்கும் அங்கே தையல் மெஷினோடு இருக்கிறார். பெருநாளைக்குப் பெருநாள் என்னைக் கூப்பிட்டு, “சேர்ட கணக்கால வந்த வீடு” என்று சொல்வார். நான் ஒவ்வொரு தடவையும் “அதெல்லாம் ஒண்டுமில்ல” என்பேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஹாஜியார் கடைக்குப் போனபோது மேசையில் வேறொரு பிள்ளை இருந்தது. சபீனாவை நிற்பாட்டினார்களா, தானாகப் போனாளா... நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

ராத்தா இந்தப் பத்திரிகை வாசிப்பார். அதனால் இன்றைக்கு அவருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

சபீனா, நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காணியைக் காப்பாற்றியது நீங்கள். கிட்டத்தட்டத் தொலைத்தது நான். இந்த ஒரு வரியை அனுப்ப எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது... லைனில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.